மறையூர்ப் பள்ளியில் தமிழ் நிலைக்குமா?

மறையூர்: கேரளத்தின் 44 ஆறுகளில் 41 ஆறுகள் மேற்கே ஓடுகின்றன. மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. அவற்றுள் ஒன்றான பாம்பாறு, மறையூர்ப் பள்ளத்தாக்கைக் கடந்து, சின்னாறு காட்டின் வழியே இறங்கி, உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி அணையில் சேருகிறது. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு இறங்கிப் போகிறது. தமிழோ என்றைக்கோ மலையேறி வந்து இங்கே குடியிருந்துவிட்டது.

மூணாறிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டர்; உடுமலையிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களுக்கும் சேர்த்து அஞ்சுநாடு என்று பெயர். முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது ஊர் வழக்கு. சந்தனக் காடும், 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற உருண்டை வெல்லமும் இவ்வூரின் பெயரை வெளியுலகுக்குச் சொல்கின்றன. ஆனால் ஊர் மக்களின் கவலை வேறு. பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது என்பதே அது.

ஒரே வளாகம், இரு மொழி

இங்குள்ள அரசுப் பள்ளிக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கரும்பு வெட்டுவோர், கடைக்காரர், சிறு விவசாயிகள், முதுவர், மலைப்புலையர் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஒரு வகுப்பில் தமிழ். அடுத்த வகுப்பில் மலையாளம். மணி அடித்துவிட்டால் மைதானத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்!

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் கேரளத்தில் நின்றன. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

கேரள அரசு இதில் வெறுங்கையாக இருந்துவிடவில்லை. பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் உண்டு. பிறகு என்ன குறை?

பத்தாம் வகுப்புக்கு அப்பால்

குறை, பத்தாம் வகுப்பு முடிந்த மறுநாள் தொடங்குகிறது. பிளஸ் டூ பாடநூல்கள் ஆங்கிலத்தில். தாலுகா அலுவலகத்திலோ மலையாளத்தில் மனு. தமிழிலேயே படித்த பிள்ளை இரு பக்கமும் விழிக்கிறது. 2017-ம் ஆண்டு பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிக் கேரள சட்டமன்றம் சட்டம் இயற்றியது. காசர்கோட்டில் கன்னடம் பேசுவோரிடமிருந்து அதற்கு எதிர்ப்பு எழுந்தது.

தமிழ் இருந்தால் போதாது. சரியான தமிழாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2021-ம் ஆண்டு மே மாதம் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். மொழிபெயர்த்துக் கொடுத்த வாசகத்தில் முக்கியமான சொற்கள் விடுபட்டிருந்தன. ஜூன் 2-ந் தேதி அவர் மறுபடியும் பிரமாணம் எடுக்க நேர்ந்தது. சட்டமன்றத்திலேயே இப்படி என்றால், பள்ளிப் பாடநூலின் மொழிபெயர்ப்பில் எவ்வளவு கவனம் வேண்டும்!

தலை எண்ணும் நாள்

இன்னொரு சிக்கல் பெற்றோர் கையில் இருக்கிறது. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் கேரளமெங்கும் மாணவர் எண்ணிக்கை எடுக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்தே ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. வேலை வாய்ப்பை எண்ணி ஒரு தகப்பனார் தம் பையனை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பத்துத் தகப்பன்மார் அப்படிச் செய்தால், பதினொன்றாவது வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பே இல்லாமற் போகலாம். அந்தப் பதினொன்றாவது வீடு பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர் வீடாகவே இருக்கும்.

ஆகவே, தமிழா மலையாளமா என்று கேட்பதே பிசகு. தமிழில் பாடம் புரிய வேண்டும். மலையாளம் பிழையறக் கற்க வேண்டும். ஆங்கிலத்துக்குக் கீழ் வகுப்பிலேயே நல்ல ஆசிரியர் வேண்டும். மூன்றும் அரசுப் பள்ளியிலேயே கிடைத்தால் யாரும் பிள்ளையை வெளியே கொண்டுபோக மாட்டார்கள்.

அஞ்சுநாட்டின் கதை அஞ்சுநாட்டோடு நிற்பதில்லை. வெளி மாநிலத்தில் தொழில் பார்க்கும் தமிழர் எவருக்கும் இது பொருந்தும். பள்ளியில் சேர்க்கும் நாளில், "தமிழ் வகுப்பு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். வகுப்பு இல்லையென்றால் நாலு பெற்றோராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். கேட்கிறவர் இருக்கும் வரைதான் வகுப்பும் இருக்கும்.