சமையலறை புதுசு, குழாய் பழசு

போன மாசம் எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணா ஒருத்தர் நியூயார்க்கில் இருந்து பத்து போட்டோ அனுப்பியிருந்தார். குயின்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் என்று ஒரு ஏரியா. அங்கே ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு விலைக்கு வந்திருக்கு. புது சமையலறை, வெள்ளைக் கல் மேடை, பாலிஷ் போட்ட மரத்தரை, பாத்ரூமில் புது டைல்ஸ், கிச்சன் மேடைக்குக் கீழே ஒரு வாஷிங் மெஷின். எல்லாம் பளபளன்னு. கடைசியில் ஒரு வரி: "வாங்கலாமாடா? இது கோ-ஆப்பாம். வீடு என் பேர்ல இருக்காதாம்."

சிவில் படிக்கிற எனக்கே தலை சுத்திடுச்சு. காசு கொடுத்து வாங்கின வீடு நம்ம பேர்ல இல்லாம யார் பேர்ல இருக்கும்? ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சதில் புரிஞ்சதை இங்கே எழுதுறேன்.

நம்ம ஊர்ல பிளாட் வாங்கினா, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு இவ்வளவு என்று நம்ம பேருக்குப் பத்திரம் பதிவாகும். கோ-ஆப்பில் அப்படிக் கிடையாது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரு கம்பெனிதான் சொந்தக்காரர். நீங்க வாங்குவது அந்தக் கம்பெனியின் ஷேர். அந்த ஷேர் கையில் இருப்பதால், குறிப்பிட்ட ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கம்பெனி நீண்டகாலக் குத்தகையாக எழுதித் தரும். அதாவது முதலாளியும் நீங்கதான், குடித்தனக்காரரும் நீங்கதான்! மாசாமாசம் கட்டுகிற மெயின்டனன்ஸில் சொத்து வரி, ஊழியர் சம்பளம், தண்ணீர், குளிர்காலச் சூடு, கட்டடத்து மேல இருக்கிற கடனுக்கான தவணை எல்லாம் அடக்கம்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? நம்ம பிளாட் மாதிரி தனித்தனி உரிமை தருகிற காண்டோமினியம் சட்டம் நியூயார்க் மாநிலத்துக்கு 1964-ல்தான் வந்தது. அதுக்கு முன்னாடி அடுக்குமாடியில் சொந்தமாகக் குடியிருக்க நினைத்தவங்களுக்கு இந்தக் கம்பெனி ரூட்தான் வழி. ஜாக்சன் ஹைட்ஸ் அதில் முன்னோடி. எட்வர்ட் மக்டூகல் என்பவரின் குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன், தெருவைச் சுற்றிக் கட்டடமும் நடுவில் பெரிய தோட்டமுமாகக் கட்டி, 1920-களில் கோ-ஆப்பாக விற்றது. இன்னைக்கும் அந்தத் தோட்டங்கள் இருக்கு. 1993-ல் இருந்து அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட வரலாற்று வட்டாரம், அதனால ஜன்னலை மாத்தணும்னாகூட நகராட்சியோட அனுமதி வேணும்.

சரி, இப்போ கணக்கு. இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். கட்டடத்துக்கு மொத்தம் 20,000 ஷேர், உங்க வீட்டுக்கு 300. அப்போ உங்க பங்கு 1.5 சதவீதம். கட்டடத்து மேல 40 லட்சம் டாலர் கடன் இருந்தா, அதில் 60,000 டாலர் உங்க தலையில். விளம்பரத்தில் 4 லட்சம் என்று போட்டிருந்தாலும், உண்மையில் நீங்க சுமப்பது 4 லட்சத்து 60 ஆயிரம். நாளைக்கு பாய்லர் மாத்த 6 லட்சம் ஆகுதுன்னா, கையிருப்பு இல்லாத கம்பெனி உங்ககிட்ட 9,000 டாலர் தனியா கேட்கும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024-ல் இருந்து கார்பன் வரம்பு வேற வந்திருக்கு. தாண்டினா அபராதம். அதுவும் நம்ம மேலதான் வரும். டைல்ஸ் எவ்வளவு அழகா இருந்தாலும் இந்த எண் மாறாது.

அடுத்தது வாரியம். ஷேர்ஹோல்டர்கள் தேர்ந்தெடுத்த சில பேர்தான், பக்கத்து வீட்டுக்காரங்கதான். ஆனா வாங்க வருகிறவரின் சம்பளம், சேமிப்பு, கடன், சிபாரிசுக் கடிதம் எல்லாம் வாங்கிப் பார்த்து, நேர்ல கூப்பிட்டுப் பேசி, வேண்டாம்னு சொல்லிடலாம். 1979-ல் முன்னாள் ஜனாதிபதி நிக்சனையே மன்ஹாட்டனில் ஒரு கோ-ஆப் சேர்த்துக்கல. 1985-ல் சான் ரெமோ கட்டடத்தில் மடோனாவுக்கும் அதே கதி. இதை ஜோக்காகச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனா ஜாக்சன் ஹைட்ஸில் ஆரம்ப காலத்தில் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் வெளியே நிறுத்தியது இதே மாதிரி "யாரை உள்ளே விடலாம்" என்ற அதிகாரம்தான். இன்னைக்கு அதே ஏரியாவில், 74-வது தெருவில் படேல் பிரதர்ஸில் கறிவேப்பிலை வாங்கலாம். இனம், மதம், நாடு பார்த்து மறுப்பது இப்போ சட்டவிரோதம். ஆனா "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாத வாரியத்துக்கு எதிராக அதை எப்படி நிரூபிப்பது?

இனி நம்ம சப்ஜெக்ட், குழாய். பழைய கட்டடங்களில் கீழே பாய்லரில் கிளம்புகிற நீராவி, மாடி மாடியாகச் செங்குத்துக் குழாயில் ஏறி ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும் போகும். அந்தக் குழாய் உங்க சமையலறை வழியா போனாலும் அது கம்பெனி சொத்து. ஐந்தாம் அவென்யூவில் ஒரு கோ-ஆப் வாரியத்தின் தலைவராகவே இருந்தவர், சமையலறையைப் பெரிசாக்க அந்தக் குழாயைக் கொஞ்சம் தள்ளி வைக்கப் பார்த்தார். வாரியம் வேலையை நிறுத்தச் சொன்னது. வழக்கு மாநிலத்தின் உச்ச அமர்வு வரை போய், 1990-ல் வாரியத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு. நல்ல நம்பிக்கையோட, கட்டடத்தின் நலனுக்காக, தன் அதிகாரத்துக்கு உட்பட்டு வாரியம் எடுத்த முடிவில் கோர்ட் தலையிடாது என்பது சாராம்சம். நிக்சனைவிட எனக்கு இந்த ஆள் மேலதான் பரிதாபம்.

இப்போ அந்த வாஷிங் மெஷினுக்கு வருவோம். பல பழைய கோ-ஆப்களில் வீட்டுக்குள்ள அதுக்குத் தடை. பழைய கழிவுக் குழாய் தாங்காது, சோப்பு நுரை கீழ் வீட்டு சிங்க்கில் பொங்கும். இப்போ விற்கிறவர் அனுமதி இல்லாம மாட்டியிருந்தா, வாங்கின பிறகு கழட்டச் சொல்லி நோட்டீஸ் வருவது அண்ணாவுக்குத்தான். சமையலறையில் சிங்க்கை இடம் மாத்தியிருந்தாலும் இதே கதைதான்.

அதனால நான் பதில் போட்டேன்: "அண்ணா, போட்டோவை விடுங்க. மூணு கேளுங்க. கட்டடத்தோட கடைசி ரெண்டு வருஷ வரவு செலவு. வாரியக் கூட்ட மினிட்ஸ். சமையலறை வேலைக்கு வாரியம் கொடுத்த அனுமதிக் கடிதம்."

வக்கீலை வைத்து மினிட்ஸைப் படிக்க வைத்திருக்கிறார். கசிவு, பாய்லர் ரிப்பேர், யாரோ ஒருத்தரோட நாய் பத்தின புகார், எல்லாம் இருந்ததாம். சமையலறை வேலைக்கு அனுமதி கொடுத்ததாக ஒரு வரி கிடைச்சுது. வாஷிங் மெஷின் பத்தி ஒண்ணும் இல்லை. விற்கிறவர்கிட்ட எழுத்தில் கேட்டிருக்கார். வியாழக்கிழமை வரைக்கும் பதில் வரல.