‘செக்’ என்னும் சொல்

ஆங்கிலம் கல்லாதாரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘செக்’ என்பதும் ஒன்று. வங்கியில் செக் கொடுக்கிறோம். கட்டம் போட்ட துணியைச் செக் சட்டை என்கிறோம். எல்லையில் செக்போஸ்டைக் கடக்கிறோம். மருத்துவரிடம் செக்கப்புக்குச் செல்கிறோம். வரம்பு மீறுபவனுக்கு ஒருவன் ‘செக் வைத்தான்’ என்று பேசுகிறோம். தம்முள் தொடர்பற்றன போல் தோன்றும் இப்பொருள்கள் யாவும் ஒரே வேரில் கிளைத்தவை. அவ்வேர் சதுரங்கப் பலகையில் உள்ளது.

இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, பின்னர் அரபியரிடையே ‘ஷத்ரன்ஜ்’ எனப் பெயர் பெற்றது. எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகும்போது ‘ஷாஹ்’ என்று எச்சரிப்பது ஆட்ட மரபு. பாரசீகத்தில் ‘ஷாஹ்’ என்பதற்கு அரசன் என்பது பொருள். அரபியர் வழியே ஐரோப்பா புகுந்த அச்சொல், இலத்தீன், பழைய பிரெஞ்சு வடிவங்களைக் கடந்து ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று.

அரசனுக்கு இடர் நேர்ந்தால் பிற நகர்வுகள் நின்றுவிடும். அதனால் ‘தடுத்தல்’ என்னும் பொருள் பிறந்தது. தடுத்து நிறுத்தி ஆராய்தலால் ‘சரிபார்த்தல்’ என்றாயிற்று. பலகையின் கட்டங்கள் துணிக்குப் பெயர் தந்தன. 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசின் வருவாயைக் கட்டமிட்ட துணி விரித்த மேசைமீது காய்களை வைத்துக் கணக்கிட்டனர். அந்நாட்டுக் கருவூலம் ‘எக்ஸ்செக்கர்’ எனப்பட்டது அதனாலேயே. 18-ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்க வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையைக் குறித்த ‘செக்’, நாளடைவில் காசோலைக்கே பெயராயிற்று.

வங்கிக் காசோலையின் பெயர் ‘ஸக்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து நேரே வந்தது என நம்மவர் சிலர் மேடைகளில் மொழிவதுண்டு. இடைக்கால முஸ்லிம் வணிகர் ‘ஸக்’ என்னும் பண ஆவணத்தைக் கையாண்டது மெய்யே. ஆயினும், ஒலி ஒப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் காட்டும் வழி, நாம் மேலே கண்ட சதுரங்க வழியே ஆகும். அவ்வழியிலும் பாரசீகருக்கும் அரபியருக்கும் உரிய பங்கு குறைந்துவிடவில்லை. இந்தியாவின் பங்கும் உடன் சேர்கிறது.

நபிமொழி ஒன்றை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் நம் முன்னோர். கேட்டதற்கு இனியது என்பதனால் எதனையும் அவர்கள் மெய்யெனக் கொள்ளவில்லை. சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் மாணவர்களும் அந்நெறியைக் கைக்கொள்வார்களாக. பெருமை தரும் செய்தியையே முதலில் சரிபார்த்தல் வேண்டும்.