வீட்டுக்குள் ஒரு சர்வர் – 4: விசிறி இல்லாத பெட்டி

குடும்பப் படங்களைச் சேர்த்து வைத்தல், கோப்புகளைப் பகிர்தல், இரவில் நகலெடுத்தல் எனச் சென்ற இதழில் விளக்கப்பட்ட பணிகள் அனைத்தும் மிகச் சிறிய கணினிக்கே எளியவை; ஆயினும் அவை ஆண்டு முழுவதும் ஓய்வின்றி நடக்க வேண்டியிருப்பதால், லினக்ஸ் சர்வருக்கான கருவியைத் தேர்வதில் வேகத்தைவிட மின்செலவும் வெப்பமுமே முதலிடம் பெறுகின்றன. 60 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினி ஒன்று இரவும் பகலும் ஓடினால் 60 நாளில் 86.4 யூனிட் செலவாகும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் மிஞ்சுவது சொற்பமே. 2023இல் வந்த இன்டெல் என்100 பிராசசரின் வெப்ப அளவு, அதாவது அடிப்படை வேகத்தில் தொடர்ந்து உழைக்கும்போது அது வெளியேற்ற வேண்டிய வெப்பம், 6 வாட் மட்டுமே. அது பொருந்திய பெட்டி முழுவதும் சராசரியாக 10 வாட் இழுத்தாலும் அதே 60 நாளுக்கு 14.4 யூனிட்தான் ஆகும்.

இவ்வளவு சிறிய வெப்பத்தை வெளியேற்ற விசிறி தேவையில்லை. பிராசசரைத் தொட்டிருக்கும் அலுமினியக் கூடே வெப்பத்தை வாங்கித் தன் மடிப்புகள் வழியே காற்றில் விட்டுவிடும். விசிறியின் இரைச்சல் உறக்கத்தைக் கெடுப்பது பொதுவான குறை என்றாலும், குமரி மாவட்டத்தில் அதனினும் பெரிய குறை, விசிறி உள்ளே இழுத்து வரும் காற்றே ஆகும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு வரும் உப்புத்துகள் மின்சுற்றுப் பலகையில் படிந்து, ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கசியும் மெல்லிய படலமாகி, நாளடைவில் செம்புத் தடங்களை அரிக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்திலோ, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வீடுகளுக்குள் புழுதியையும் கொண்டு சேர்க்கிறது. ஆகவே இங்கு ஓசையின்மை சொகுசுக்காகத் தேடப்படுவதன்று, கருவியின் ஆயுளுக்காகவே தேடப்பட வேண்டியது. சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால் எஞ்சிய ஓசையும் அடங்கும்.

மின்தடை வேறொரு சிக்கல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய பேரிடரை எந்த வீட்டு பேட்டரியும் தாங்காது. அன்றாடத் தடைகளுக்கு, இன்வெர்ட்டரின் நேர்மின்சாரம் மாறுமின்சாரமாகி அடாப்டரில் மீண்டும் நேர்மின்சாரமாவதில் வீணாவதைத் தவிர்த்து, மோடத்துக்கென விற்கப்படும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ்.ஸிலிருந்தே பெட்டியை ஓட்டலாம். பெட்டியின் அடாப்டரும் 12 வோல்ட்தானா, அதில் குறித்துள்ள ஆம்பியரை யு.பி.எஸ். தருமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசுத் திட்டத்தில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் பல இன்று அலமாரிகளில் முடங்கியிருக்கின்றன. பேட்டரி உடன்பிறந்ததாகையால் அவை மின்தடைக்கு அஞ்சுவதில்லை. ஆனால் விசிறியும் உடன்பிறந்ததே. தோவாளை, பூதப்பாண்டி போன்ற கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், பேட்டரி உப்பாமலிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தும் விசிறியின் தூசியைத் தட்டியும் அவற்றைச் சர்வராக ஓட்டலாம். கடற்கரை வீடுகளுக்கு அவை ஏற்றவையல்ல.