உறக்க மூச்சுத்தடை வினாப்பட்டியலைப் பிறமொழிக்குத் தழுவுதல்

ஒரு மொழியில் உருவான மருத்துவ வினாப்பட்டியலை வேறு மொழி பேசும் மக்களுக்கு ஏற்ப மாற்றி, அது முன்போலவே சரியாக அளக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது 'பண்பாட்டுத் தழுவல்' எனப்படும். இது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதிலிருந்து வேறுபட்டது. ஸ்லீப் அப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோய்க்கான வினாப்பட்டியல்கள் சீன மொழிக்கும் இந்திக்கும் சென்ற விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நோயும் வினாப்பட்டியலின் தேவையும்

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே இந்நோயின் பொதுவான வகை. ஒவ்வொரு தடையும் 10 விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும். மணிக்குச் சராசரியாக 5 முதல் 15 வரை தடைகள் இருந்தால் லேசான நிலை, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையான நிலை என்று கொள்வர். பலத்த குறட்டை, இரவில் திணறி விழித்தல், பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சாலை விபத்து ஆகியவற்றோடும் இந்நோய்க்குத் தொடர்பு உண்டு.

நோயை உறுதி செய்ய உறக்க ஆய்வு தேவை. அதற்குக் கருவிகளும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும், செலவும் கூடுதல். எனவே யாரை அந்த ஆய்வுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வினாப்பட்டியல் உதவுகிறது. கேள்வி பிசகினால், அனுப்பப்பட வேண்டியவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

முக்கியமான வினாப்பட்டியல்கள்

1991இல் ஆஸ்திரேலிய மருத்துவர் மரே ஜான்ஸ் எப்வொர்த் தூக்க அளவுகோலை வெளியிட்டார். மெல்போர்னில் அவர் பணிபுரிந்த மருத்துவமனையின் பெயரே அதற்கு அமைந்தது. அதில் 8 சூழல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பொதுவாக 10க்கு மேல் பெற்றால் பகல்தூக்கம் மிகுதி எனக் கருதப்படுகிறது. 1999இல் பெர்லின் வினாப்பட்டியலும், 2008இல் கனடாவின் டொரொன்டோவில் பிரான்சஸ் சங் குழுவினர் உருவாக்கிய ஸ்டாப்-பேங் வினாப்பட்டியலும் வெளிவந்தன. நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பட்டியல் ஒன்றைக் கனடாவின் கால்கரியில் பிளெமன்ஸ், ரெய்மர் இருவரும் 1998இல் வெளியிட்டனர்.

சீன மொழியில்

எப்வொர்த் அளவுகோலின் சீன வடிவத்தைத் தைவான் ஆய்வாளர்கள் சோதித்து 2002இல் வெளியிட்டனர். கால்கரி பட்டியலின் சீன வடிவத்தை ஹாங்காங் ஆய்வாளர்கள் சோதித்து 2004இல் வெளியிட்டனர்.

சீன மொழிக்குத் தழுவும்போது மூன்று வகைச் சிக்கல்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது மொழி. ஹாங்காங்கில் பெரும்பாலோர் பேசுவது கன்டோனீஸ், பெய்ஜிங்கில் மாண்டரின். ஹாங்காங்கிலும் தைவானிலும் பழைய எழுத்து முறை, சீனப் பெருநிலத்தில் எளிமையாக்கிய எழுத்து முறை. ஆகவே 'சீன வடிவம்' ஒன்று இருந்தால் எல்லாருக்கும் போதும் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வாழ்க்கை முறை. எப்வொர்த் அளவுகோலில் இரண்டு சூழல்கள் காரைப் பற்றியவை. ஹாங்காங்கிலோ பெரும்பாலோர் ரயிலிலும் பேருந்திலும் செல்பவர்கள். பிற்பகலில் படுத்து ஓய்வெடுப்பதும் அளவுகோலில் உள்ள ஒரு சூழல். மதிய உறக்கம் வழக்கமாக உள்ள சீனச் சமூகத்தில் அதற்கு 3 மதிப்பெண் இட்டவர் நோயாளியாகவும் இருக்கலாம், பழக்கத்தால் உறங்குபவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது உடல்வாகு. கிழக்காசிய மக்களில் பலருக்கு முகத்தாடை அமைப்பு காரணமாக, உடல் பருமன் இல்லாமலேயே மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதுண்டு. ஸ்டாப்-பேங் பட்டியலோ உடல் நிறைக் குறியீட்டெண் 35க்கு மேல் இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பெண் தருகிறது. 165 செ.மீ. உயரமுள்ளவர் அந்த எல்லையைத் தொட ஏறத்தாழ 95 கிலோ எடை இருக்க வேண்டும். ஆகவே சொற்களோடு எண்களையும் தழுவ வேண்டியிருக்கிறது.

தழுவலின் படிகள்

1. உரிமையாளரிடம் அனுமதி பெறுதல்.
2. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தல். பின் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குதல்.
3. மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மீண்டும் மூலமொழிக்கு மாற்றுதல். பொருள் எங்கே நழுவியது என்பது இங்கே தெரியும்.
4. மருத்துவரும் மொழி அறிந்தவர்களும் அடங்கிய குழு திருத்துதல்.
5. நோயாளிகள் சிலரிடம் கொடுத்து, "இந்தக் கேள்வியிலிருந்து என்ன புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டல்.
6. புள்ளியியல் சோதனை.

கடைசிப் படியில் மூன்று பண்புகள் முக்கியம். நிலைமாறாதவரிடம் சில நாள் கழித்துக் கேட்டாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண் வருவது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை. இதை அறிய உறக்க ஆய்வு முடிவு போன்றவற்றோடு ஒப்பிடுவர். சிகிச்சைக்குப் பின் நோயாளி தேறும்போது மதிப்பெண்ணும் மாறுவது மாற்றம் உணர் திறன். ஹாங்காங் குழுவினர் இம்மூன்றையும் சோதித்தனர்.

இந்தியாவில்

புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பெர்லின் வினாப்பட்டியலை இந்தியர்களுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்து 2006இல் வெளியிட்டனர். அதில் உடல் நிறைக் குறியீட்டெண்ணின் எல்லை 30இலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது. வட இந்தியருக்காக மாற்றியமைத்த எப்வொர்த் அளவுகோலின் இந்தி வடிவம் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது.

தமிழில் கவனிக்க வேண்டியவை

தமிழில் தழுவுவோருக்கு முதல் சவால் 'அசதி' என்ற சொல். "அசதியாக இருக்கிறது" என்றால் களைப்பு. "அசந்துவிட்டேன்" என்றால் தூங்கிவிட்டேன். எப்வொர்த் அளவுகோல் களைப்பைக் கேட்பதில்லை, கண்ணயர்வதையே கேட்கிறது. ஆகவே 'அசதி'யைத் தவிர்த்து, 'தூங்கி விழுதல்', 'கண்ணயர்தல்' போன்ற சொற்களைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சூழல். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி போன்ற ஊரில், ஒரு மணி நேரக் கார்ப் பயணம் பலருக்கு அன்றாட அனுபவம் அன்று. அதற்குப் பதிலாகப் பேருந்துப் பயணம் என்று மாற்றலாம். ஆனால் சன்னலோர இருக்கையில் காற்று வீசினால் நோயில்லாதவரும் கண்ணயர்வார்; நின்றுகொண்டு செல்பவர் அப்படித் தூங்க மாட்டார். எனவே "இருக்கையில் அமர்ந்து" என்று தெளிவாகச் சொல்லி, மூலக் கேள்வியும் புதிய கேள்வியும் ஒரே அளவு தூக்கத்தைத் தூண்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

குறட்டைக் கேள்விக்கு விடை தெரிந்தவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அருகில் படுத்திருப்பவர். "குறட்டை விடுவதாக வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்பது பொருத்தம்.

சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் வட்டாரத்தில் லாரி ஓட்டுநர்கள் மிகுதி. வண்டியில் தூக்கம் வருமா என்று கேட்டால், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் ஒருவர் 0 என்றே எழுதக்கூடும். மொழி எவ்வளவு சரியாக இருந்தாலும், விடை யாருக்கும் காட்டப்படாது என்ற உறுதி இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

வரம்பு

வினாப்பட்டியல் வடிகட்டியே தவிர, நோயைத் தீர்மானிப்பது அன்று. குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கும் இந்நோய் இருக்கலாம். உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவதை வீட்டார் பார்த்திருந்தால், மதிப்பெண் எதுவானாலும் மருத்துவரை அணுக வேண்டும்.