பழத்தோடு உலரும் காப்பி

காப்பிக் கொட்டை என்று நாம் வழங்கினாலும் செடியில் விளைவது பழமே. சிவந்து கனிந்த பழத்தின் மேல்தோல். அதனடியில் இனிப்பான வழுவழுப்பு. அதற்குள் காகிதம் போன்ற ஓடு. அதனுள்ளே இரண்டு பருப்பு. இப் பருப்பை வெளியே எடுப்பதற்கு முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. பறித்த அன்றே தோலை நீக்கி, வழுவழுப்பைப் புளிக்க வைத்து, நீரில் கழுவி உலர்த்துவது ஒன்று. பழத்தைப் பழமாகவே வெயிலில் காயவைத்து, வற்றல்போற் சுருங்கிய பின் உடைத்துப் பருப்பை எடுப்பது மற்றொன்று. சேர்வராயன் மலையிலும் பழனி மலைச் சரிவுகளிலும் காப்பி பயிரிடுவோர், கழுவிய அராபிகாவைப் ‘பிளாண்டேஷன்’ என்றும், பழத்தோடு உலர்ந்ததைச் ‘செர்ரி’ என்றும் அறிவர். நம் சந்தையில் செர்ரி என்றால் ஒரு படி தாழ்ந்த சரக்கு. பருவத்தின் கடைசியில் காயும் பழமுமாக உருவி எடுத்ததெல்லாம் செர்ரியாகவே போய்ச் சேருகிறபடியால், அந்த மதிப்பு நியாயமானதே.

ஆயினும் அதே உலர்முறைக் காப்பி, எதியோப்பிய நாட்டின் சில கூட்டுறவுச் சங்கங்களின் கைப்பட்டு, கழுவிய காப்பிக்கு நிகராகவும் சில வேளைகளில் அதற்கு மேலாகவும் விலை பெறுகிறது. இது எவ்வாறு கூடிற்று என்பது பயிர்த்தொழிலாளருக்கு மட்டுமன்றி, தறியில் அமர்ந்திருக்கும் நம் அங்கத்தினருக்கும் தெரியவேண்டிய செய்தி என்று கருதுகிறேன்.

அந் நாட்டின் தென்பகுதியில், கெடியோ மக்கள் வாழும் மலைநாட்டில் யிர்கச்செபே என்னும் ஊர் உளது. சுற்றியுள்ள காப்பி நிலங்கள் கடல்மட்டத்துக்கு மேல் 1,700 முதல் 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்தவை. தோட்டம் என்று சொன்னால் நம் மலைகளில் உள்ள எஸ்டேட்டுகளை நினைத்துக் கொள்ளக் கூடாது. குடும்பத்துக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலமே பெரும்பான்மை. மேலே நிழல் மரங்கள், நடுவே வாழையை ஒத்த என்சேத்து என்னும் உணவுப் பயிர், அதன் அருகே காப்பிச் செடிகள் என அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். கெடியோ நிலப்பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக் கொண்டது.

இவ்வளவு சிறு நிலத்திற் பறித்த ஒரு கூடைப் பழத்தைத் தனி ஒருவர் அயல்நாட்டுக்கு விற்பது ஆகாத காரியம். பழத்தைச் சங்கம் வாங்கி, சங்கத்தின் களத்திலேயே உலர்த்துகிறது. களம் என்றாலும் தரை அன்று. மரக்கால்கள் நட்டு, இடுப்பளவு உயரத்தில் வலை விரித்த நீண்ட பரண்கள். காற்று கீழிருந்தும் மேலிருந்தும் புகும், மண்வாடை ஏறாது. முதலில் பழங்களை நீரில் இட்டு மிதப்பவற்றை நீக்குவதுண்டு. பிறகு பரணில் மெல்லியதாகப் பரப்பி, காயையும் அழுகலையும் கையாற் பொறுக்குகிறார்கள். இப் பொறுக்கும் வேலையில் இருப்பவர் பெரும்பாலும் பெண்கள். நாளில் பல தடவை கிளறிவிட வேண்டும். உச்சி வெயிலிலும் இரவுப் பனியிலும் மூடிவைக்க வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் ஈரம் சுமார் 11 அல்லது 12 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பருப்புத்தான் தேறும்.

இந்த நாட்களிலேதான் சுவை உண்டாகிறது. தோலுக்குள் அடைபட்ட வழுவழுப்பில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் மெல்லப் புளிக்கச் செய்கின்றன. அதன் மணம் பருப்பிலும் ஊறிவிடுகிறது. நாவற்பழம் போலவும், பழப்பாகு போலவும் மணக்கும் காப்பி கிடைப்பது இதனால்தான். ஆனால் கிளறாமல் ஒரு நாள் விட்டாலும், மழையில் நனைந்தாலும், அந்தப் பழமணமே காடிநாற்றமாகிவிடும். இங்கே ஒருவருடைய அசட்டை ஒருவரோடு நிற்பதில்லை. சாயம் ஒட்டாத ஒரு சிட்டம் நூல் புடவை முழுவதையும் பாழாக்குவதுபோல், ஓர் அங்கத்தினர் கொணர்ந்த காய்கள் பரண் முழுவதன் தரத்தையும் இறக்கும். ஆகையால் பழம் நிறுக்கும் இடத்திலேயே கண்டிப்பு வேண்டும். தெரிந்தவர், உறவினர் என்று தராசுக்காரர் கண்ணை மூடிக்கொள்ளும் சங்கம் நல்ல செர்ரியை விற்க முடியாது. நெசவாளர் சங்கங்களில் துணி வாங்கும் மேஜையருகே நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

பணவகையிலும் இம் முறை கடினமானது. கழுவிய காப்பி சுமார் பத்து நாளில் உலர்ந்துவிடும். பழத்தோடு உலரும் காப்பியோ பரணை அதைப்போல் இரு மடங்கு காலம் பிடித்துக் கொள்கிறது. கூலியும் அவ்வாறே ஏறுகிறது. கழுவும் நீர் மிச்சம், கழிவுநீர் ஆற்றில் கலப்பதும் இல்லை என்பது மறுபக்க ஆதாயம். பழம் அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வருகிறது. காப்பி கப்பலேறிப் பணம் திரும்புவதற்கு மாதங்கள் ஆகும். இடையில் அங்கத்தினருக்கு ரொக்கம் கொடுக்கச் சங்கம் கடன் வாங்கியாக வேண்டும். கடன் தாமதித்தால், ரொக்கத்தோடு வாசலில் நிற்கும் தனி வியாபாரிக்கே பழம் போகும். அங்கத்தினரைக் குறைகூறிப் பயனில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே!

அந் நாட்டில் கூட்டுறவு என்ற சொல்லுக்கே ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது. 1974 முதல் 1991 வரை நடந்த இராணுவ ஆட்சி, சங்கங்களை மேலிருந்து திணித்தது. ஆட்சி சரிந்த வேளையில் அவற்றுட் பலவும் சரிந்தன. விருப்பத்தாற் சேரும் சங்கங்களுக்கான சட்டம் 1998இல் வந்தது. மறு ஆண்டிலேயே ஒரோமியாப் பகுதியில் 34 சங்கங்கள் கூடித் தமக்கென ஒன்றியம் அமைத்தன. யிர்கச்செபே ஒன்றியம் 2002இல் உருவாயிற்று. அது எத்தகைய காலம் எனின், 2001இல் உலகச் சந்தையில் காப்பி விலை பவுண்டுக்கு 50 அமெரிக்க சென்டுக்கும் கீழே விழுந்திருந்தது. காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு, மெல்லும் போதை இலையான ‘காத்’ பயிரிட்டவர் பலர்.

ஒன்றியங்கள் தரகரின்றி நேரே ஏற்றுமதி செய்யும் உரிமை பெற்றதே திருப்பம். 2008இல் அரசு விளைபொருள் மாற்றகத்தை நிறுவிய பின்னர், தனியார் காப்பியிற் பெரும்பகுதி வட்டாரமும் தரமும் பார்த்து ஒன்றாகக் கலந்து விற்கப்பட்டது. எந்த ஊர்ப் பழம் என்பது வாங்குவோருக்குத் தெரிய வழியில்லாமற் போயிற்று. கூட்டுறவு ஒன்றியங்களுக்கு அதில் விலக்கு இருந்தது. 2017இல் விதிகள் தளர்த்தப்படும் வரை, ஊர்ப் பெயரோடு காப்பி வேண்டியவர் பெரும்பாலும் சங்கங்களையே நாட வேண்டியிருந்தது. பெயருக்குத்தான் விலை, ‘இன்ன சங்கத்துச் செர்ரி’ என்று சொல்ல முடிந்தால் மறு ஆண்டும் அதே ஆள் தேடி வருவார்.

அங்கத்தினருக்கு இது சேரும் வழி இரண்டு. பழம் கொடுத்த அன்று ஒரு விலை. கணக்கு முடிந்தபின் இலாபத்திலிருந்து இரண்டாம் தொகை. ஒரோமியா ஒன்றியம் நிகர இலாபத்தில் 70 சதவீதத்தைச் சங்கங்களுக்குத் திருப்பிக் கொடுப்பது என்றும், சங்கங்கள் தம் பங்கில் 70 சதவீதத்தை அங்கத்தினருக்கு வழங்குவது என்றும் ஏற்பாடு. எஞ்சியது ஒதுக்கு நிதிக்கும் பொது வேலைகளுக்கும். தணிக்கை செய்து பழகிய எனக்கு, இந்த இரண்டாம் தொகை எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பதே முதற் கேள்வியாகத் தோன்றுகிறது. தாமதமாக வரும் போனஸ் அடுத்த பருவத்தில் பழத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவராது.

வாங்கும் அயல்நாட்டார் இக் காப்பியை இலேசாகவே வறுக்கின்றனர். பருப்பு முதன்முறை வெடித்துச் சற்று நேரத்தில் இறக்கிவிடுவார்கள். நிறம் இலவங்கப்பட்டையை ஒத்திருக்கும். கருக வறுத்தால் பழமணம் ஓடிப்போய், வறுவலின் கசப்பே மிஞ்சும். 15 கிராம் தூளுக்குக் கால் லிட்டர் வெந்நீர். பாலில்லை, சிக்கரி இல்லை. நம் பில்டர் காப்பியிற் பழகிய நாவுக்கு முதல் மிடறு காப்பியாகவே தோன்றாது. ஆறவிட்டுப் பருகினால் புளிப்பும் இனிப்பும் தனித்தனியே தெரியவரும்.

விளைவித்தவர்கள் இவ்வாறு குடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டின் விளைச்சலில் ஏறக்குறையப் பாதி உள்நாட்டிலேயே செலவாகிறது. வீட்டுப் பெண் சட்டியில் பருப்பைக் கருக வறுத்து, உலக்கையால் இடித்து, ‘ஜெபெனா’ என்னும் மண்கூசாவிற் கொதிக்க வைக்கிறாள். வந்தவர்களுக்கு ஒரே தூளில் மூன்று சுற்று ஊற்றுவது வழக்கம். மூன்றாவது சுற்றுக்குப் ‘பரக்கா’, அதாவது ஆசி, என்று பெயர்.