முள் ஏறுவதற்கு முன்பே

கிளமெண்டி வட்டாரத்தின் தென் எல்லை கடல். அங்கே வெஸ்ட் கோஸ்ட் ஃபெரி ரோட்டில், 1826இல் தொடங்கிய சிங்கப்பூர் குடியரசுப் படகு மன்றத்தின் துறையில் உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. சுங்கை பாண்டான் கடலில் கலப்பதும் இந்தப் பக்கம்தான். கனமழை பெய்த மறுநாள், கால்வாய்கள் இழுத்துவந்த இலையும் சுள்ளியும் நெகிழிப் பையும் ஆற்றுவாயில் மிதக்கும். மேலே மிதப்பதை வாரிவிடலாம். தண்ணீருக்குள் ஒரு முழம் ஆழத்தில் அலைந்துகொண்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. படகின் அடிப்பக்கத்தில் இருக்கும் உறிஞ்சுவாய்க்கு அது சரியாக எட்டும்.

படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று, எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் கூலன்ட். மற்றது வெளித்தண்ணீர். உறிஞ்சுவாயைத் திறந்து மூடும் அடிவால்வு வழியாக ஏறி, வடிகட்டியைக் கடந்து, ரப்பர் இம்பெல்லர் சுழலும் பம்ப்பால் தள்ளப்பட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு எக்ஸாஸ்ட் புகையோடு கலந்து பின்பக்கம் வெளியே கொட்டும்.

ஆபத்து இந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. எஞ்சினை விட்டு வரும் புகை பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதைக் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆற்றுவது இந்தத் தண்ணீர் மட்டுமே. அதை நம்பித்தான் அங்கிருந்து ரப்பர் குழாயும் நெகிழி மஃப்ளரும் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் நின்றால் முதலில் வேகுவது அந்தக் குழாய். ஆனால் ஓட்டுபவர் பார்த்துக்கொண்டிருக்கும் வெப்பமானி கூலன்ட்டின் சூட்டைத்தான் காட்டும். எஞ்சின் இரும்பும் கூலன்ட்டும் சூடேற நேரம் எடுக்கும். முள் சிவப்பைத் தொடுவதற்குள் குழாய் கருகி, புகையும் அதோடு கார்பன் மோனாக்ஸைடும் அறைக்குள் வரத் தொடங்கியிருக்கலாம். குழாய் ஓட்டையானால் கடல்நீரும் உள்ளே ஏறலாம். எக்ஸாஸ்ட் குழாயின் மீதே கட்டும் வெப்ப எச்சரிக்கை மணி தனியாக விற்கிறது. அதைப் பொருத்தாத படகை நான் பாதுகாப்பான படகென்று சொல்லமாட்டேன்.

இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. வறண்டு சுழன்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, அதன் இதழ்கள் கிழியும். கிழிந்த துண்டுகள் ஓட்டத்தோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் மாட்டியும் சூடு குறையவில்லை என்று புலம்புகிற பலருடைய படகில் பழைய துண்டுகள் இன்னும் உள்ளேதான் கிடக்கும். கழற்றிய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பார்த்து, குறைந்தவை எல்லாவற்றையும் தேடி எடுத்தாக வேண்டும்.

எஞ்சின் கையேடுகள் பல குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றும்போது வடிகட்டியையும் இம்பெல்லரையும் பாருங்கள் என்னும். சிங்கப்பூரில் அப்படி நினைவூட்டப் பருவம் ஏதும் இல்லை. கடல் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கிறது. கொட்டலசும் சிப்பியும் உறிஞ்சுவாயின் சல்லடையில் எல்லா மாதமும் வளர்கின்றன. உள்ளே வரும் தண்ணீரே சூடாக இருப்பதால், பாதி அடைத்த வடிகட்டியைத் தாங்கும் இடைவெளி இங்கே குறைவு. போதாததற்கு இங்குள்ள உல்லாசப் படகுகள் பல ஓடும் நாளைவிடக் கட்டிக் கிடக்கும் நாளே அதிகம். ஒரே நிலையில் மடங்கிக் கிடக்கும் இம்பெல்லர் இதழ் அப்படியே வளைந்து நின்றுவிடும். ஆகவே ஓடிய மணிக்கணக்கு குறைவென்று பார்க்காமல் ஆண்டுக்கொருமுறை மாற்றுவதே சரி.

நன்னீரில் ஓடுபவர்களுக்கும் விலக்கு இல்லை. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு சிங்கப்பூர் ஆறு மெல்ல நன்னீரானது. உப்பரிப்பு குறையும், இலையும் சேறும் குறையாது. ஆலப்புழைப் படகுவீடுகளுக்கு இதே தொல்லையை ஆகாயத்தாமரை கொடுக்கிறது.

வடிகட்டியை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு திறந்து பாருங்கள். முதலில் அடிவால்வை மூட வேண்டும். வடிகட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மூடாமல் திறப்பது படகில் ஓட்டை போடுவதற்குச் சமம். கூடையைத் தூக்கினால் மழைக்குப் பிந்தைய நாட்களில் நசுங்கிய இலைக்கூழ், ரொட்டிப் பையின் கிழிசல், நகக்கண் அளவுச் சிப்பிகள் எல்லாம் ஒட்டியிருக்கும். கழுவி மாட்டும்போது மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் துடைத்தெடுங்கள். அந்த இடுக்கு வழியே காற்று புகுந்தால் பம்ப் தண்ணீரை விட்டுவிடும். வால்வைத் திறந்து, எஞ்சினை முடுக்கி, பின்பக்கம் தண்ணீர் வீசி வீசிக் கொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கயிற்றை அவிழ்க்கலாம். எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடித்தால் வால்வை மூடிவிட்டு முயலுங்கள், கிளம்பியதும் உடனே திறந்துவிடுங்கள். மூடாமல் முயன்றால் பம்ப் தள்ளும் தண்ணீர் மஃப்ளரை நிரப்பி எஞ்சினுக்குள்ளேயே ஏறிவிடும்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 1,000 கப்பல்கள் நிற்கும். அவற்றின் வழித்தடத்தில் எஞ்சின் நின்ற சிறு படகுக்காக யாரும் சட்டென்று பிரேக் போட முடியாது. எக்ஸாஸ்ட்டின் ஒலி கரகரத்து, தண்ணீர் குறைந்து வெள்ளைப் புகை கிளம்பினால், மோதும் அபாயம் இல்லாத இடத்தில் உடனே எஞ்சினை அணைத்து, நங்கூரம் போட்டு, விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையில் நிலையைச் சொல்லுங்கள். அதன்பிறகு அடிவால்வை மூடி, வடிகட்டியைத் திறக்கலாம்.