காணுந் துப்பாக்கி

துரோணாசாரியார் தம் மாணாக்கரைச் சோதித்த கதையை அறியாதார் நம்மிடையே இலர். மரக்கிளையில் ஒரு பறவை. கீழே வில்லேந்திய அரசிளங்குமாரர். "என்ன காண்கின்றாய்?" என்று ஆசிரியர் ஒவ்வொருவராக வினவுகின்றார். மரத்தையும் கிளையையும் உடன்பிறந்தாரையும் கண்டவர்கள் தோற்றனர்; பறவையின் தலையை மட்டும் கண்ட அருச்சுனன் வென்றான். வடமோடிக் கூத்தின் வாயிலாகப் பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்பு நாட்டாருங்கூட இக்கதையில் ஒரு சிறு செய்தியை மறந்துவிடுவதுண்டு. அக்கிளையில் இருந்தது உயிருள்ள பறவையன்று. கம்மியர் செய்து வைத்த செயற்கைப் பறவை. அன்று சோதிக்கப்பட்டது கையன்று, கண்.

இக்கதையை எனக்கு நினைவூட்டியது ஒரு வீடியோ விளையாட்டு என்றால் வாசகர் நகைக்கலாம். ஆயினும் உண்மை அதுவே.

கடலுக்கும் வாவிக்கும் இடையே, மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பெருந்தெருவில் அமைந்தது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். அங்குள்ள கொம்புச்சந்திப் பிள்ளையாரின் பெயரோ கொம்பு விளையாட்டை நினைவூட்டுவது. வடசேரி, தென்சேரி என ஊர் இரு பக்கமாகப் பிரிந்து, கண்ணகியம்மன் பொருட்டு வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுக்கும் அவ்விளையாட்டில், தோற்ற பக்கத்தாரை எள்ளி நகையாடுதலும் ஓர் அங்கமாகும். விளையாட்டிற்கும் வாழ்விற்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்கு மறு ஆண்டில் அவ்வூர் வீடொன்றிற்குச் சென்றிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவ்வீட்டுப் பையனுக்கு ஒரு 'ரி.வி. கேம்' பெட்டியைப் பரிசளித்திருந்தார். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் பெமிகொம் பெட்டியைப் பார்த்துப் பிறர் செய்த மலிவான படிவம் அது. 1990களில் தெற்காசியக் கடைகளிலெல்லாம் குவிந்திருந்த பொருள். பெட்டியுடன் கறுத்த பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. பையன் அதனைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினான். திண்ணையிலிருந்த அம்மம்மா பதறி எழுந்தார்.

"மனே, இத றோட்டுக்குக் கொண்டு போயிராத!"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளைக் கடந்தே பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற நாடு இது. தொலைவில் நிற்பவனுக்குப் பொம்மை எது, மெய் எது என்று ஆராய்வதற்கு ஒரு கணங்கூடக் கிடைப்பதில்லை என்பதை அம்முதியவர் அறிந்திருந்தார்.

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. பொம்மைத் துப்பாக்கிகள் மெய்யானவற்றினின்று வேறுபட்டுத் தோன்றல் வேண்டும் என்று அமெரிக்காவில் 1988இல் சட்டம் இயற்றப்பட்டது. அதனை ஒட்டிய காலத்திலேயே அந்நாட்டில் விற்பனையான நிண்டெண்டோத் துப்பாக்கியின் சாம்பல் நிறம் பளிச்சிடும் செம்மஞ்சளாக மாறிற்று. தேற்றாத்தீவு அம்மம்மாவும் அமெரிக்கச் சட்டமன்றமும் ஒரே முடிவுக்கு வந்தமை வியப்பன்று. துப்பாக்கி எங்கும் துப்பாக்கியே.

ஆயின், அப்பெட்டியிலிருந்த துப்பாக்கி உண்மையில் என்ன செய்தது?

'டக் ஹண்ட்', அதாவது வாத்து வேட்டை, என்பதே பையன் ஆடிய ஆட்டம். அதன் வம்சாவளி நீண்டது. 1936இலேயே அமெரிக்காவின் சீபேர்க் நிறுவனம் 'ரே-ஓ-லைட்' என்னும் வாத்துச் சுடும் பொறியைக் காசு இட்டு ஆடும் கூடங்களில் நிறுத்தியது. அத்துப்பாக்கி ஓர் ஒளிக்கற்றையை வீசும். நகரும் வாத்தில் பதித்த ஒளியுணரியில் அது பட்டால் வெற்றி. 1970இல் நிண்டெண்டோவின் யொக்கோய் குன்பெய், சூரிய மின்கலங்களைப் பயன்படுத்தி ஒளித்துப்பாக்கிப் பொம்மைகளை ஆக்கினார். 1973இல் அந்நிறுவனம் பந்துருட்டும் கூடங்களில் ஒளியாற் சுடும் பெரிய ஆட்டக்களங்களை அமைத்தது. அவ்வாண்டின் எண்ணெய் நெருக்கடி அம்முயற்சியைப் பெருநட்டத்தில் ஆழ்த்தியது. 1976இல் சுவரில் வாத்தின் உருவை வீழ்த்தி ஆடும் பொம்மையொன்று 'டக் ஹண்ட்' என்ற அதே பெயரில் வந்தது. 1984 ஏப்பிரலிற்றான் நாமறிந்த ஆட்டம் ஜப்பானிய வீடுகளுக்குள் நுழைந்தது. கூடத்திற் புகழ்பெற்ற ஆட்டமே பின்னர் வீட்டிற்கு வருதல் வழக்கம். இங்கோ வீட்டு ஆட்டமே அவ்வாண்டில் 'விஎஸ். டக் ஹண்ட்' என்னும் பெயரோடு கூடத்திற்குச் சென்றது. 1985இல் அமெரிக்காவை அடைந்து, 1988இல் 'சுப்பர் மாரியோ'வுடன் ஒரே கசெட்டில் இணைந்தபின், அதன் பெயர் உலகெங்கும் பரவிற்று.

இதன் உள்ளமைப்பே நம் சிந்தனைக்குரியது. 1936இன் துப்பாக்கி ஒளியை வீசிற்று. இத்துப்பாக்கி எதனையும் வீசுவதில்லை. குழாயினுள் ஒரு வில்லையும் ஓர் ஒளியுணரியும் உள்ளன, அவ்வளவே. விசையை இழுத்தவுடன் திரை முழுவதும் கறுத்துவிடும். அடுத்த காட்சியில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெண்கட்டம் தோன்றும். ஒவ்வொரு காட்சியும் நிற்பது ஒரு விநாடியின் அறுபதில் அல்லது ஐம்பதில் ஒரு பங்குதான். முதலில் இருளையும் பின்னர் வெண்மையையும் துப்பாக்கி கண்டால் வாத்து வீழ்ந்ததாகக் கணக்கு. இருளைக் காணாது என்றும் ஒளியையே கண்டால், எவனோ மின்விளக்கை நோக்கிப் பிடித்து ஏய்க்கின்றான் என்பது பெட்டிக்குத் தெரிந்துவிடும். இரண்டு வாத்துக்கள் பறந்தால், அடுத்தடுத்த காட்சிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஆகவே, சுடுவது துப்பாக்கியன்று. திரை காட்டுகின்றது, துப்பாக்கி காண்கின்றது. துரோணர் கேட்ட அதே வினாவைத்தான் இப்பொறியும் கேட்கின்றது: என்ன காண்கின்றாய்?

மூன்று குண்டுகளிலும் வாத்துத் தப்பினால், புல்லிடையிலிருந்து ஒரு வேட்டைநாய் எழுந்து வாயைப் பொத்திச் சிரிக்கும். அதன்மேல் எத்தனை சிறுவர்க்கு எத்துணைக் கோபம்! வீட்டு ஆட்டத்தில் அந்நாயைச் சுட இயலாது. கூடத்து ஆட்டத்தில், மேலதிகப் புள்ளிச் சுற்றிலே வாத்துக்களிடையே அது துள்ளிக் குதிக்கும்போது குண்டு படக்கூடும். பட்டால் காயத்துடன் ஊன்றுகோலூன்றி வந்து வேட்டைக்காரனைக் கடிந்துகொள்ளும். அச்சுற்றும் அத்தோடு முடியும். கொம்பு விளையாட்டின் வசையைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இச்சிரிப்பு அந்நியமன்று. தோற்றவன் எள்ளலைத் தாங்கிக்கொண்டு மறுபடியும் களத்தில் இறங்க வேண்டும் என்பதே எல்லா விளையாட்டுக்களின் முதற் பாடம்.

இத்தகைய ஆட்டங்கள் பிள்ளைகளுக்குக் கொலையைப் பழக்குகின்றன என்று ஆசிரியர் பலர் கூறுவர். அக்கூற்றை நான் எளிதில் தள்ளமாட்டேன். மெய்த் துப்பாக்கி பிள்ளைகளின் கைகளுக்கே எட்டிய காலத்தைக் கண்டவர்கள் நாம். பொருளின் உருவமே ஒரு சொல்; அதனை அடிக்கடி உச்சரிக்கப் பழகிய நாவு ஒருநாள் அதன் பொருளையும் நாடலாம். ஆயினும் அன்று அவ்வீட்டில் நான் கண்ட காட்சியையும் மறைத்தல் முறையன்று.

இவ்வாட்டத்தின் முதற் பிரிவில் பலர் அறியாத வசதி ஒன்றுண்டு. ஒருவர் துப்பாக்கியைப் பிடித்திருக்க, மற்றவர் பொத்தான்களுள்ள கருவியால் வாத்தையே பறக்கவைக்கலாம். சிறிது நேரத்தில் பையன் இதனைத் தற்செயலாகக் கண்டுகொண்டான். உடனே துப்பாக்கியைத் தங்கையின் கையிற் கொடுத்துவிட்டு, வாத்தின் பக்கம் சேர்ந்துகொண்டான். மேலும் கீழும் இடமும் வலமுமாக அதனைத் தப்புவிப்பதில் அவனுக்கு உண்டான களிப்பு, சுட்டு வீழ்த்துவதில் உண்டாகவில்லை. ஒவ்வொரு முறை வாத்துத் திரையின் மேல் விளிம்பைக் கடந்து மறைந்தபோதும் அவன் துள்ளிக் கூவினான். பதறி எழுந்த அம்மம்மாவும் கதவருகே வந்து நின்று, "பறந்திட்டா, மனே?" என்று கேட்டார்.

இருபுறத்தும் இருந்து பார்க்க இடந்தராத ஆட்டத்தைத்தான் நான் அஞ்சுவேன். சுடுபவனாக மட்டும் இருந்து பழகிய பிள்ளைக்கு வாத்து ஓர் இலக்கு; ஒருமுறையேனும் வாத்தாக இருந்த பிள்ளைக்கு அதுவும் ஓர் உயிர். ஆசிரியரும் பெற்றோரும் ஆய வேண்டியது துப்பாக்கி உண்டா இல்லையா என்பதை மட்டுமன்று. மறுபக்கத்தில் நிற்கவும் அவ்விளையாட்டு வழி வைத்திருக்கின்றதா என்பதையுமாகும்.

இன்று அத்துப்பாக்கிகள் குருடாகிவிட்டன. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் ஒளிக்கும் வேகத்திற்கும் ஏற்ப அமைந்த அவை, இன்றைய தட்டைத் திரைகளில் எதனையும் காண்பதில்லை. 2014இல் நிண்டெண்டோ இவ்வாட்டத்தைப் புதிய பெட்டியொன்றிற்காக மீண்டும் வெளியிட்டபோது, கையில் பிடிக்கும் வேறொரு சுட்டுக்கருவியே அதற்குத் துணையாயிற்று. தேற்றாத்தீவு வீட்டுப் பெட்டி என்னவாயிற்றென்று நான் கேட்கவில்லை. 2004 டிசம்பரில் கடல் பொங்கியது. அதன்பின் போரும் மீண்டும் மூண்டு 2009இல் முடிந்தது. பொம்மைகளைத் தேடும் காலமா அது?

ஆயினும், வாத்துத் தப்பிய அந்த மாலையில் மூவரும் சிரித்த சிரிப்பு இன்றும் என் செவியில் இருக்கின்றது.